குடோன் சுவரில் தொங்கிய டோக்கன்கள்

எங்கள் மன்றத்தின் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என்றால் பதினொன்றரைக்குத்தான் ஆரம்பிக்கும். இடம், ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் ஒரு தையற்கடை. கடைக்காரரே மன்றத்தின் செயலாளர். வெட்டிப்போட்ட துணிகளுக்கு நடுவில், ஒரு கால் ஆடும் பெஞ்சில், ஆறேழு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து கோலார் தங்கவயலின் கலையை வளர்த்துக்கொண்டிருந்தோம். பொங்கலுக்கு ஒரு நாடகம், வருடத்துக்கு இரண்டு கவியரங்கம், கிறிஸ்துமஸ் சமயத்தில் சர்ச் பாட்டுக்காரர்களோடு சேர்ந்து ஒரு கச்சேரி. இதற்கு மேல் நாங்கள் செய்ததெல்லாம் பேச்சுத்தான். பேசிப் பேசியே எனக்கு முப்பத்தைந்து வயதாகிவிட்டிருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தப் பெஞ்சில் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் போய் முடியும். மைனை, தங்கச் சுரங்கத்தை, மூடப்போகிறார்கள். அடுத்த மாதம் என்பார் ஒருவர். தேர்தல் முடியட்டும் என்பார் இன்னொருவர். அதெல்லாம் மூட முடியாது என்று ஒருவர் மேசையைத் தட்டுவார். வருடங்கள் இப்படியே போயின. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஒரு ஞாயிறு, செயலாளர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, மூடுவதற்கு முன்னால் நாம் எதையாவது செய்தாக வேண்டும் என்றார். நாடகம் போட்டால் மறுநாள் மறந்துவிடுவார்கள், சுவரில் வரைந்தால் நிற்கும் என்றார். கடைக்கு எதிரில் ஒரு மளிகை வியாபாரியின் குடோன் இருந்தது. தெருவைப் பார்த்த அதன் பக்கச் சுவர் நாற்பதடி நீளம். சினிமா போஸ்டரும் வெற்றிலை எச்சிலும் அதன் மேல் பல வருடமாகப் படிந்திருந்தன. வியாபாரி மறு பேச்சில்லாமல் சரி என்றார். அவருக்குச் சுவர் சுத்தமானால் போதும்.

சுவர் கிடைத்ததும் சண்டை ஆரம்பமானது. என்ன வரைவது? ஒருவர் மாரியம்மன் என்றார். இன்னொருவர், ஆண்கள் சுவரடியில் ஒதுங்குவது நிற்க வேண்டுமென்றால் எல்லா மதத்துச் சாமிகளையும் வரைந்தாக வேண்டும் என்றார். தொழிற்சாலையில் வெல்டராக இருந்த எங்கள் கவிஞர், உலகத் தொழிலாளர்கள் கைகோத்து நிற்பதாகப் படம் கேட்டார். மலைக்கு நடுவில் சூரியன், ஆற்றில் ஓடம் என்று ஒருவர் பிடிவாதமாக நின்றார். தங்கவயலில் ஆறும் கிடையாது, ஓடமும் கிடையாது. படத்துக்குக் கீழே எழுதப்போகும் வாசகம் தமிழிலா கன்னடத்திலா என்ற பேச்சு வந்ததும் இரண்டு பேர் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்கள். நான்கு ஞாயிறு இப்படிக் கழிந்தது.

நான் அதுவரை வாயைத் திறக்கவில்லை. திறக்காமலே இருந்திருக்கலாம்.

என் அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து இங்கே கனரக இயந்திரத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். நானும் அதே தொழிற்சாலையில், டிராயிங் ஆபீசில் இருந்தேன். தங்கவயலில் பிறந்து வளர்ந்தவன்தான் என்றாலும் மைன்காரர்கள் கணக்கில் நான் வெளியாள். எங்கள் குவார்ட்டர்சுக்கும் வரிசையாகக் கட்டிய அவர்களுடைய லைன் வீடுகளுக்கும் நடுவில் நடந்து போகிற தூரம்தான். ஆனாலும் ‘ஃபாக்டரி ஆளு’ என்ற பேர் ஒட்டிக்கொண்டுவிடும். எதைப் பற்றிப் பேசினாலும், “உனக்கு இன்னா தெரியும், நீ கீழ எறங்கிக்கீறயா?” என்று ஒரே கேள்வியில் என்னை உட்காரவைத்துவிடுவார்கள். லைன் வீட்டுப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகும் இது மாறவில்லை. அந்தச் சுவரில் ஒரு படம் வரைந்து அவர்களில் ஒருவனாகிவிடலாம் என்று நினைத்தேன். வெளியே சொல்ல வெட்கமான ஆசைதான், ஆனால் அதுதான் உண்மை.

என் மாமனார் மைனில் டிம்பர்மேன். கீழே பாறை சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுக்கிற வேலை. முப்பது வருடத்துக்கு மேல் இறங்கி ஏறியவர். அதிகம் பேச மாட்டார். நான் அவர் வீட்டுக்குப் போனால் எழுந்து நிற்பார். நான் உட்கார்ந்த பிறகுதான் உட்காருவார். “வாங்க மாப்பிள்ளை”, “இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க”, “பாத்துப் போங்க” என்ற மூன்றைத் தாண்டி அவர் என்னிடம் பேசியது அபூர்வம். நான் சொன்ன எதையும் அவர் மறுத்ததில்லை. மாப்பிள்ளை பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. மாமியார் என்னிடம் நேராகவே பேச மாட்டார். கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வது போலச் சொல்வார். அந்த மரியாதை எனக்குப் பழகிப்போயிருந்தது. கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

ஒரு தடவை மைனில் ஒரு பழைய இயந்திரத்தின் பாகத்தை அளந்து வரைந்து வரும்படி ஆபீசில் என்னை அனுப்பினார்கள். வேலை, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த லேம்ப் ரூமை ஒட்டி. கீழே இறங்குகிறவர்கள் தலை விளக்கை வாங்கிக்கொள்கிற இடம் அது. காலை பதினொரு மணி இருக்கும். உள்ளே சுவர் முழுக்க ஒரு மரப்பலகை. வரிசை வரிசையாக ஆணிகள், ஒவ்வொரு ஆணியிலும் வட்டமான ஒரு பித்தளை டோக்கன், ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். ஜன்னல் வழியாக வந்த வெயிலில் பலகை முழுக்கப் பளபளத்தது. தங்கவயலில் நான் கண்ணால் பார்த்த தங்கம் அது ஒன்றுதான். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

ஐந்தாவது ஞாயிறு அந்தப் பலகையைப் பற்றி மன்றத்தில் சொன்னேன். அதையே சுவர் முழுக்க வரைவோம் என்றேன். ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மைன் நம்பர் இருக்கிறது, அப்பா நம்பர், தாத்தா நம்பர், புருஷன் நம்பர். எல்லோரிடமும் நம்பரைக் கேட்டு வாங்குவோம். பேர் வேண்டாம், வாசகம் வேண்டாம். நம்பருக்கு மொழி இல்லை, சாதி இல்லை, சாமி இல்லை. அந்தப் பெஞ்சின் சரித்திரத்தில் முதல் தடவையாக எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். வெல்டர் கவிஞர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அங்கே உட்கார்ந்திருந்த ஒருவரும் கீழே இறங்கி வேலை செய்தவர் இல்லை என்பது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை. இறங்குகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தூங்கவே நேரம் போதாது. கவியரங்கத்துக்கு வருவார்களா?

தையற்கடையில் ஒரு நோட்டை வைத்தோம். சுவருக்கு நம்பர் கொடுக்கலாம் என்று சொல்லி அனுப்பினோம். ஊர் திரண்டு வந்தது என்று சொன்னால் மிகையில்லை. செத்துப்போனவர் நம்பர், ரிட்டயர் ஆனவர் நம்பர், இன்றைக்கும் ஷிப்ட் போய்க்கொண்டிருக்கிறவர் நம்பர் என்று இருநூற்றுச் சொச்சம் சேர்ந்தது. மேல் வரிசையில் போடச் சொல்லிச் சிபாரிசோடு வந்தவர்களும் உண்டு. குடோனுக்கு எதிரே, தையற்கடைப் படியோரம் ஓர் அம்மா பூ விற்பார். அவரும் சரத்தைக் கட்டிக்கொண்டே எட்டிப்பார்த்து, “அறுநூத்திப் பன்னெண்டு, எழுதிக்கோங்க சார்” என்றார். அவருடைய புருஷன் பல வருடத்துக்கு முன்னால் கீழே பாறை வெடித்துச் சரிந்ததில் போய்விட்டார். இங்கே அதை ஏர் பிளாஸ்ட் என்பார்கள். அவர் உடம்பைக் கடைசி வரை எடுக்க முடியவில்லை என்று செயலாளர் பிறகு என்னிடம் சொன்னார்.

மாமனாரின் நம்பரை நானே வீட்டுக்குப் போய்க் கேட்டு வாங்கினேன். ஆபீசிலிருந்து கொண்டுவந்த டிரேசிங் பேப்பரில் போட்ட படத்தையும் விரித்துக் காட்டினேன். பலகை, ஆணிகள், எல்லா ஆணியிலும் தொங்கும் டோக்கன்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, பேப்பரைத் தொடாமல், குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“இது எந்த ஷிப்ட்டு மாப்பிள்ளை?” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. படத்துக்கு ஏது ஷிப்ட்? பகல் ஷிப்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள் மாமா என்றேன். “பகல் ஷிப்ட்டா. சரிங்க” என்று நிமிர்ந்து, மறுபடி ஒரு தடவை குனிந்து பார்த்தார். பிறகு, இன்னும் கொஞ்சம் காப்பி சாப்பிடச் சொன்னார். படம் அவரை அசத்திவிட்டது என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

வரைய மூன்று மாதம் ஆனது. சனி பாதி நாள், ஞாயிறு முழு நாள். போஸ்டரைச் சுரண்டவே மூன்று வாரம் போனது. சுண்ணாம்பு அடித்துக் காய்வதற்குள் மழை வந்து கரைத்தது. மறுபடி அடித்தோம். காற்றடித்தால், தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டிலிருந்து வெள்ளைத் தூசி பறந்து வந்து ஈரப் பெயிண்ட்டில் ஒட்டிக்கொள்ளும். அதைத் துணியால் ஒற்றி எடுத்து மறுபடி பூச வேண்டும். கழுத்து பிடித்துக்கொண்டது. என் மனைவி எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே, நாற்பது அடியா, நானூறு அடியா என்று கேட்பாள். தங்க நிற எனாமல் இங்கே தீர்ந்து, பங்காருபேட்டைக்கு இரண்டு தடவை போய் வாங்கி வந்தேன். பலகையும் ஆணியும் வரைந்து முடித்ததும் செயலாளர் குடோன் சாக்குகளைத் தைத்து ஒரு படுதாவாகக் கட்டிவிட்டார். திறப்பு விழா வரை யாரும் பார்க்கக் கூடாதாம். டோக்கன்கள் எல்லாவற்றையும் அந்தச் சாக்குப் படுதாவுக்குப் பின்னால் மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டேதான் வரைந்தேன்.

திறப்பு ஒரு ஞாயிறு சாயங்காலம். பேண்ட் வாத்தியம் வைத்தோம். பூக்காரம்மா காசு வாங்காமல் ஒரு மாலை கொடுத்தார். படுதாவை இழுத்ததும் மேற்கு வெயில் நேராகச் சுவரில் விழுந்தது. இருநூறு டோக்கனும் ஒரே சமயத்தில் மின்னின. கடைத்தெருக்காரர்கள் கைதட்டினார்கள். லைன் வீட்டுக்காரர்கள் ஒரு பக்கமாக நின்றார்கள். அவர்கள் கைதட்டவில்லை. வயதான ஆட்கள் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். பெண்கள் நம்பரைத் தேடிக் கண்டுபிடித்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பேசாமல் திரும்பிப் போனார்கள். என் மாமியார் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர், மாமனாரின் நம்பரைப் பார்த்த மாத்திரத்தில் அந்தக் கையை விட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார். நான் அதை நெகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். மெய்மறந்து போய்விட்டார்கள் என்று செயலாளரும் என் காதில் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி தட்டை வைத்தாள், சோற்றைப் போட்டாள். படம் எப்படி இருந்தது என்று நானே கேட்டேன்.

“உங்களுக்கு நெஜமாவே தெரியாதா?” என்றாள்.

பிறகு உட்கார்ந்து, நிதானமாக, சொல்லிக்கொடுக்கிற மாதிரி சொன்னாள். இறங்கப் போகிற ஆள் தன் டோக்கனை லேம்ப் ரூம் ஜன்னலில் கொடுத்துவிட்டு விளக்கை வாங்கிக்கொள்வார். டோக்கனைப் பலகையில் மாட்டிவிடுவார்கள். ஷிப்ட் முடிந்து ஏறி வந்து விளக்கைத் திருப்பிக் கொடுத்தால், ஜன்னலில் இருப்பவர் நம்பரைக் கூப்பிடுவார். ‘வந்தாச்சு’ என்று சொல்லிக் கையை நீட்டினால் டோக்கன் கைக்கு வரும். ஏர் பிளாஸ்ட் ஆன நாட்களில் லைன் வீடுகளில் பாத்திரம் பண்டமெல்லாம் அதிர்ந்து உருளும். பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு மைன் கேட்டுக்கு ஓடுவார்கள். அங்கே போய் யாரும் யார் செத்தது என்று கேட்க மாட்டார்கள். எந்த நம்பர் தொங்குகிறது என்றுதான் கேட்பார்கள்.

“பலகையில தொங்குதுன்னா ஆளு இன்னும் மேல வர்லன்னு அர்த்தம். நீங்க ஊர்ல ஒருத்தர் விடாம எல்லாரையும் கீழ வுட்டுட்டீங்க” என்றாள்.

தட்டைத் தள்ளி வைத்தேன். நான் அந்தப் பலகையைப் பார்த்தது காலை பதினொரு மணிக்கு, முழு ஷிப்ட்டும் கீழே இருந்த நேரத்தில். அது எப்போதும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். வெட்கத்தில் கோபம் வந்தது. உங்கப்பாவிடம் படத்தைக் காட்டினேனே, அவர் ஏன் சொல்லவில்லை என்று இரைந்தேன். மாப்பிள்ளை ஆசையாகப் போட்ட படத்தில் நைனா குற்றம் சொல்வாரா என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை. ஷிப்ட் சங்கு ஊதுவதற்கு முன்னால் மாமியார் வாசலுக்குக் குறுக்கே உட்கார்ந்துவிட்டாராம். தொங்குகிற நம்பரை வைத்துக்கொண்டு இன்னொரு தடவை இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாமனார் அவரைத் தாண்டிப் போகவில்லை. செவ்வாய்க்கிழமையும் போகவில்லை. முப்பது வருடத்தில் சொல்லாமல் ஒரு ஷிப்ட் நின்றவர் இல்லை அவர். அதுவோ ஆள் குறைக்கிற காலம். சொல்லாமல் நின்றவன் பேர்தான் பட்டியலில் முதலில் போகும் என்ற பயம் எல்லா லைனிலும் இருந்தது. அவருக்கு இன்னும் சில வருட வேலை மிச்சம் இருந்தது. அந்த வேலை போனால் அதற்குக் காரணம் மைனும் இல்லை, சர்க்காரும் இல்லை, என் பெயிண்ட்தான்.

செவ்வாய் சாயங்காலம் ஆபீஸ் விட்டு நேராக அங்கே போனேன். மாமனார் எழுந்து நின்றார். “வாங்க மாப்பிள்ளை” என்றார். நான் உட்காரவில்லை. அதனால் அவரும் உட்காரவில்லை. இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தோம். மன்னித்துவிடுங்கள் என்றேன். படம் நன்றாகத்தான் இருக்கிறது, அதற்கு என்ன என்றார். அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா என்றேன்.

“எந்த ஷிப்ட்டுன்னு கேட்டேனே, மாப்பிள்ளை” என்றார்.

அதில் குறை சொல்லும் தொனி துளிக்கூட இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். கதவுக்குப் பின்னாலிருந்து மாமியாரின் குரல், இல்லாத மகளிடம் சொல்வது போல வந்தது. “அவரு கீழ இருக்கசொல்லோ லேம்ப் ரூம்ல தொங்கட்டும். கடைத்தெருவுல தொங்க வேணாம்னு சொல்லு.”

அங்கிருந்தே கடைத்தெருவுக்குப் போய், தையற்கடையிலிருந்த பழுப்பு பெயிண்ட்டை எடுத்து, ஏணி வைத்து ஏறி, மாமனாரின் டோக்கனை அழித்தேன். பலகையின் நிறத்தை அதன் மேல் பூசி, சின்னத் தூரிகையால் வெறும் ஆணியை மறுபடி வரைந்தேன். மாமனார் பின்னாலேயே வந்து, நான் கேட்காமலே ஏணியைப் பிடித்துக்கொண்டார். மாமியாரும் முந்தானையைப் போர்த்திக்கொண்டு வந்து, தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போனார். புதன்கிழமை காலை சங்கு ஊதியபோது நான் கண்ணை விழித்தே படுத்திருந்தேன். மாமனார் ஷிப்ட்டுக்குக் கிளம்பிவிட்டார் என்று அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்ன பிறகுதான் எழுந்தேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அந்த ஞாயிறு தையற்கடையில் பெஞ்சு நிறைய லைன் வீட்டுப் பெண்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. ஒவ்வொருவராக நம்பரைச் சொன்னார்கள். எடுத்துவிடச் சொன்னார்கள். ஒரே நாளில் பதினேழு எடுத்தேன். அடுத்த ஞாயிறு ஒன்பது. சுவர் முழுக்க ஒரே பூச்சாகப் பூசிவிடலாமே என்று வெல்டர் கவிஞரிடம் சொல்லிப் பார்த்தேன். நான் சொன்னது தெருவில் யார் காதிலோ விழுந்து, ஒரு கிழவர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார். கூட்டமாக யாரும் மேலே வருவதில்லை, ஆளை ஏற்றி இறக்குகிற கூண்டு எத்தனை பேரைக் கொள்ளுமோ அத்தனை பேர்தான், ஒவ்வொரு ஆளாகத்தான் கணக்குத் தீர்ப்பார்கள் என்றார்.

மன்றத்தில் என் மேல் எல்லோருக்கும் கசப்பு. வரையச் சொன்னால் துடைத்துக்கொண்டிருக்கிறாய் என்று செயலாளர் முகத்துக்கு நேராகவே சொன்னார். அவருக்குப் பத்திரிகையில் படம் வர வேண்டும் என்ற ஆசை இருந்தது. பொங்கல் நாடகம் அந்த வருடம் நடக்கவில்லை. அடுத்த வருடமும் நடக்கவில்லை. பெஞ்சில் மூன்று பேர்தான் மிஞ்சினோம். மூன்று மாதத்தில் வரைந்ததை நான் மூன்று வருடத்துக்கு மேலாக அழித்தேன். யாராவது ஒருவர் ரிட்டயர் ஆனால் மறுநாள் அவருடைய மகனோ மருமகளோ வந்து நிற்பார்கள். வேறு ஊருக்குக் குடிபோகிறவர்கள் மூட்டை கட்டுகிற அவசரத்திலும் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். சில ஞாயிறு ஒன்று, சில ஞாயிறு ஒன்றும் இல்லை. எத்தனையோ தடவை பெயிண்ட் டப்பாவைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்துவிடலாமா என்று தோன்றியது. இப்படி ஒரு வேலையைப் போய்த் தலையில் தூக்கி வைத்துக்கொண்டேனே என்று என்னையே நொந்துகொண்டேன். ஆனால் கேட்கிறவர்கள் முகத்தைப் பார்த்து நாளைக்கு வாருங்கள் என்று சொல்ல முடியவில்லை. அந்த வருடங்களில் யாரும் என்னை ‘கீழ எறங்கிக்கீறயா’ என்று கேட்கவில்லை என்பதை ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன்.

இரண்டாயிரத்து ஒன்றில் மைனை மூடினார்கள். இவ்வளவு வருடம் பேசிப் பேசி அலுத்த விஷயம், நடந்தபோது யாருக்கும் பேச வாய் வரவில்லை. மாமனார் கடைசி ஷிப்ட் முடிந்து வந்து, காலைக் கழுவிக்கொண்டு படுத்தவர், இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் ஞாயிறு. கடைத்தெருவுக்கு வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். மிச்சமிருந்தவர்கள் எல்லோரும் அந்த இரண்டு மாதத்தில் வந்துவிட்டார்கள். நான் மேலே அழித்துக்கொண்டிருப்பேன். அவர் கீழே நின்று, அந்த நம்பர்க்காரர் சுரங்கத்தில் எந்த லெவலில் வேலை செய்தார், எப்படிச் சிரிப்பார், யாரோடு சண்டை என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருப்பார். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் பேசியதையெல்லாம் கூட்டினாலும் அந்த எட்டு ஞாயிறு பேசியதற்கு ஈடாகாது.

கடைசியில் ஒரே ஒரு டோக்கன் நின்றது. அறுநூற்றுப் பன்னிரண்டு. நாற்பதடி நீளத்துக்கு வெறும் ஆணிகள், நடு வரிசையில் அது மட்டும் மின்னிக்கொண்டு. பூக்காரம்மா அதற்கு நேர் எதிரில்தான் தினமும் உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு தடவைகூட எடுக்கச் சொன்னதில்லை. உடம்பே கிடைக்காதவர், அதனால் அது அங்கே இருக்கட்டும் என்று அந்த அம்மா நினைக்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அது ஒரு நினைவுச் சின்னம் மாதிரி என்று செயலாளரிடம் பெருமையாகச் சொன்னேன். அவருக்கும் பிடித்திருந்தது. வேலை முடிந்தது, இனி ஞாயிற்றுக்கிழமை தூங்கலாம் என்று தூரிகைகளை மண்ணெண்ணெயில் கழுவ ஆரம்பித்தேன்.

“முடிஞ்சிடுச்சா சார்?” என்றார் பூக்காரம்மா, கட்டுகிற சரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

முடிந்தது அம்மா என்றேன்.

“எல்லாரையும் மேல ஏத்திட்டீங்க. எங்க வூட்டுக்காரரை மட்டும் இன்னாத்துக்குக் கீழயே வச்சிகினு கீறீங்க?”

என் கையிலிருந்த தூரிகையிலிருந்து மண்ணெண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் கேட்கவே இல்லையே என்று ஏதோ உளறினேன். உடம்பு கிடைக்காததால் என்று ஆரம்பித்து, அந்த வாக்கியத்தை முடிக்க முடியாமல் நிறுத்தினேன். மறுபடியும் கேட்காமலே ஒன்றை முடிவு செய்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. அவர் கோபப்படவில்லை.

“உங்களுக்காத் தோணும்னு பாத்துகினு இருந்தேன். மைன்காரங்க எடுக்க முடியலன்னாங்க சார். ஒத்துக்கினேன். உங்களாண்டதான் ஏணி கீதே.”

மாமனார் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் நடு வரிசைக்கு நேராகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். பழுப்பு பெயிண்ட் டப்பாவின் அடியில் கொஞ்சம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஏறினேன். தங்க வட்டத்தின் மேல் முதல் பூச்சு விழுந்தபோது, கீழேயிருந்து மாமனார் கூப்பிட்டார். லேம்ப் ரூம் ஜன்னலில் கூப்பிடுகிற மாதிரி, கடைத்தெருவுக்கே கேட்கும்படி. அவர் அவ்வளவு உரக்கப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

“அறுநூத்திப் பன்னெண்டு.”

பூக்காரம்மா மடியிலிருந்த மல்லிகைச் சரத்தைக் கூடையில் வைத்தார். மெதுவாக எழுந்து நின்று, “வந்தாச்சு” என்று சொல்லிக் கையை நீட்டினார்.